கெத்திதா, மேடம்?

பீன்யா இரண்டாம் ஸ்டேஜ், வார்ப்பாலைக்குப் பின்புறம்
மாடியில் எங்கள் ஆய்வுக்கூடம்.
லேத் பட்டறைகளின் இரும்புத்தூள்
ஜன்னல் விளிம்பில் தினமும் படியும்.
அந்த இரும்பு கணக்கில் ஏறிவிடாமலிருக்கத்தான்
மூன்று தடவை அலசுகிறோம் குடுவைகளை.

கலபுரகியிலிருந்து துணிப்பையில் வந்தது மாதிரி அ.
கறுப்பு. சுருங்கிய தோல். கூர்மூக்கு.
பையின் மூலையில் ஒரு சிட்டிகை கரிசல்.
மாதிரி ஆ, யஷ்வந்த்பூர் சந்தையில் நானே வாங்கியது.
பன்னிரண்டு மில்லிமீட்டர் என்று
மூட்டைமேல் அச்சடித்திருந்தார்கள்.
ஊர் கேட்டேன், கடைக்காரருக்குத் தெரியவில்லை.
வெள்ளைக் கடலைக்கு விட்டம்தான் விலாசம்.
அந்த விட்டத்துக்குக் கறுப்பைப்போல் இரண்டு மடங்கு விலை.

அனுப்பியவர் சரணபசப்பா.
பரிசோதனைக் கட்டணத்தைப்
பதினோரு பேர் பங்குபோட்டுக் கட்டியிருந்தார்கள்.
தினம் ஒரு போன்:
“கெத்திதா, மேடம்?”
ஜெயித்ததா என்று அர்த்தம்,
ஓட்டு எண்ணும் நாளின் குரல்.
எனக்கோ ஒசூர் பஸ்ஸில் பையன்கள் சொல்லும்
கெத்துதான் காதில் விழும்,
காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு
ஒரு கடலை நடந்து வருவதுபோல.

அரைத்தேன், நிறுத்தேன், அமிலத்தில் இறக்கினேன்.
இரண்டும் முதலில் கருகின.
சாயங்காலத்துக்குள்
இரண்டும் ஒரே பச்சையில் தெளிந்தன.
எது எதுவென்று
குடுவையில் ஒட்டிய சீட்டுக்குத்தான் தெரியும்.

புரதம்: வெள்ளை அரைப்புள்ளி முன்னால்.
கொழுப்பும் அதற்கே கொஞ்சம் கூட.
இரும்பு: கறுப்பு, ஒரு மயிரிழை.
அந்த மயிரிழையையும் எளிதில் தராமல்
பெட்டிமேல் உட்கார்ந்த கருமியைப்போல
ஃபைட்டிக் அமிலம், இரண்டிலும்.
நாரில்தான் நின்று பேசியது கறுப்பு,
ஏறக்குறைய மூன்று பங்கு.
அதில் பெரும்பங்கு தோலில்.
உடைத்துப் பருப்பாக்கும் ஆலையில்
மாட்டுத்தீவனச் சாக்குக்குப் போகிற அதே தோலில்.

இதை எப்படிச் சொல்வது போனில்?
ஜெயித்துவிட்டீர்கள்,
ஆனால் தோலோடு தின்பவர் தொகுதியில் மட்டும், என்றா?

மிச்ச மாதிரியைக் கொட்டிவிட வேண்டும், விதி.
கொட்டினேன், என் டிஃபன் டப்பாவில்.
ஜாலஹள்ளி பி.ஜி.யில் சமைக்கக்கூடாது.
கட்டிலடியில் ஒரு இண்டக்‌ஷன் தலைமறைவாக இருக்கிறது.
வெள்ளை நாலு விசிலில் மசியும்,
கறுப்புக்கு ஒன்பது.
ஒன்பது விசிலுக்குள்
ஓனரம்மா மூன்று மாடி ஏறிவிடுவார்.
எங்கள் ரிப்போர்ட்டில் இதற்குக் கட்டமில்லை.

ஆகவே முளைகட்டினேன்,
நனைத்த வடிதாளில், அருகருகே.
கறுப்பு முளைக்கும், வெள்ளை ஊசிப்போகும்,
அவருக்கு அனுப்ப ஒரு படமாவது கிடைக்கும் என்று
சின்னதாய் ஒரு அநியாய ஆசை.
மூன்றாம் நாள்
இரண்டும் முளைத்திருந்தன.
வெள்ளையின் முளை கொஞ்சம் நீளம்கூட.
முதலில் எரிச்சல், பிறகு வெட்கம்.
அதுவும் யாரோ பதினோரு பேரின் வயலாக இருக்கலாம்,
விலாசம் மட்டும்தான் தொலைந்திருக்கிறது.

அக்ஷதா எலுமிச்சை பிழிந்து நீட்டினாள்:
“முதல்ல நீ தின்னு, எட்டு புள்ளி ஒன்பது.”
அது என் ஹீமோகுளோபின்.
இவள் வைத்த பெயர்.
ஊரார் கடலையின் இரும்பை
இரண்டாம் தசமம்வரை எழுதுகிற கை
நகக்கண்ணில் வெளிறித்தான் இருக்கிறது.

கறுப்பை மென்றேன்.
தோல் பல்லிடுக்கில் நின்றுகொண்டது, வர மறுத்தது.
நாவால் துழாவிக்கொண்டிருக்கையில் போன்.
“கெத்திதா, மேடம்?”
“இருங்க சார்,
இன்னும் மென்னுகிட்டுதான் இருக்கேன்.”